முன் பிரேக் எந்தக் கைக்கு

"எங்க போகணும்? எப்ப போகணும்?"

காலையில் டீ கிளாஸைக் கீழே வைத்ததும் என் வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் இவை. அன்பாகத்தான் கேட்பார். அந்த அன்புதான் எனக்கு ஆகாமல் போயிற்று. திண்டுக்கல் பேகம்பூரில் செருப்புக் கடை வைத்திருக்கும் மனிதர். கடை திறப்பதற்குள் என்னை எங்கே இறக்கிவிடுவது, மதியம் எங்கிருந்து ஏற்றிக்கொண்டு வருவது என்று யோசிக்கிற முகத்தோடு கேட்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஒரு பார்சல் ஆகிவிட்டேன் என்று தோன்றும்.

நான் அப்படி இருந்தவள் இல்லை. நாகல் நகரில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே எனக்குச் சேலை வியாபாரம். சின்னாளபட்டி தறிக்காரர்களிடம் காட்டனும் சுங்குடியும் எடுத்து வந்து, தெரிந்த வீடுகளுக்குக் கொடுப்பேன். ஸ்கூட்டியில் காலடியில் மூட்டையை வைத்துக்கொண்டு நான் மதுரை ரோட்டில் போகிற வேகத்தைப் பற்றி, "உங்க வீட்டம்மா பறக்குறாங்களே பாய்" என்று செருப்பு வாங்க வந்த இடத்தில் புகார் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமைதான். அப்போதெல்லாம் இவர் மதியமானால் போன் போட்டு, "எப்ப வருவ? சோறு ஆறுது" என்று பிடுங்கி எடுப்பார். வரும்போது வருகிறேன் என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பிடி மட்டும் திரும்பவில்லை. பேனா பிடிக்கலாம், பொத்தான் போடலாம். மாவு பிசைய முடியாது, பாட்டில் மூடியைத் திருக முடியாது. ஸ்கூட்டியின் ஆக்சிலேட்டரை முறுக்க முடியாது. ஸ்கூட்டியை விற்றார்கள். பஸ்ஸில் போகலாமென்றால் ஒரு கையில் மூட்டை, இன்னொரு கையில் கம்பி. கம்பியைப் பிடிக்க வேண்டிய கை எதற்கும் உதவாத கை. போகவும் வரவும் ஆட்டோ வைத்தால் வியாபாரம் ஆட்டோக்காரருக்குத்தான் நடக்கும். கடைசியில் இவருடைய வண்டியின் பின் சீட்டுதான் எனக்கு வாய்த்தது. இவருக்கு ஓய்வு இருக்கிற நாளில் எனக்கு வியாபாரம், இல்லாத நாளில் இல்லை. வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக வேறு ஆட்களிடம் வாங்க ஆரம்பித்தன.

இன்னொன்றும் இருந்தது. மடித்த சேலையை நான் இடது கையால்தான் நீட்ட முடியும். எங்கள் ஜனங்களானாலும் சரி, மற்றவர்களானாலும் சரி, இடது கையால் கொடுத்தால் ஒரு கணம் முகம் சுருங்கும். "தப்பா நினைச்சுக்காதீங்க, அந்தக் கைக்கு முடியாது" என்று நான் சொல்ல வேண்டும். அவர்கள் "ஐயோ, அதனாலென்னம்மா" என்று இரக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் இந்த நாடகம். எனக்கு அந்த இரக்கத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போதுதான் என் அண்ணன் தோல் கிடங்கைக் காலி செய்தார். எங்கள் அத்தா காலத்திலிருந்து பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தின் மேட்டில் இருக்கிற கிடங்கு. அதைப் பார்சல் கம்பெனிக்கு வாடகைக்கு விடுவதாகப் பேச்சு. வேடிக்கை பார்க்கப் போன நான், உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு சைக்கிளைப் பார்த்தேன்.

அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சைக்கிள்தான். தோல் வாங்க வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், கொடைக்கானலில் தங்கியிருந்தபோது மலையிலிருந்து அதிலேயே இறங்கி வந்தாராம். ஊருக்குத் திரும்பக் கொடைரோட்டில் ரயில் ஏறும்போது, அடுத்த முறை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அத்தாவிடம் விட்டுப் போனார். நம்பி ஒப்படைத்த அமானிதப் பொருள் என்று அத்தா அதை யாரையும் தொட விடவில்லை. அந்த மனிதர் வரவே இல்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் வீட்டிலிருந்து பின்னால் தகவல் வந்தபோது, எல்லோருக்கும் அதில் ஆசை போயிருந்தது. மெல்லிய இரும்புச் சட்டம், கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், ஒட்டடைக்குள்ளே கொஞ்சம் நீல நிறம்.

"இத ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. கொடைக்கானல்ல காபிக் கடை வச்சிருக்காரு. செவுத்துல மாட்டப் போறாராம்" என்றார் அண்ணன்.

"செவுத்துலயா?"

"ஆமா. கூடை கட்டி அதுல பூச்செடி வப்பாங்களாம். அழகா இருக்குமாம்."

நான் அந்த ஹேண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முறுக்குவதற்கு எதுவும் இல்லை. ஆக்சிலேட்டர் இல்லை. கால் இருந்தால் போதும். என் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை நாள் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று ஆத்திரமாக வந்தது. வேறு சைக்கிள் வாங்கிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்லலாம். இவரிடம் நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. கையில்லாதவளுக்குச் சைக்கிள் எதற்கு என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இது வாங்க வேண்டிய சைக்கிள் இல்லை, எங்கள் அத்தாவின் கிடங்கில் இருக்கிற சைக்கிள். இதை எனக்கு இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் கிடையாது.

"அண்ணே, நான் இத ஓட்டிக்கிறேன்."

அண்ணன் சிரித்தார். "இது எங்க ஓடுது?"

"ஓட வைக்கிறேன்."

"ஏத்தா, ஒனக்கே கை..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "சரி. அந்தத் தம்பி மாசக் கடைசி ஞாயித்துக்கெழம எடுத்துட்டுப் போக வாராரு. அதுக்குள்ள நீ இதுல சின்னாளபட்டி போயி சேலை எடுத்துட்டு வந்துரு. சைக்கிள் ஒனக்கு. இல்லாட்டி செவுத்துக்கு."

என் அண்ணனுக்கு வாக்கு முக்கியம். என்னால் முடியாது என்கிற தைரியத்தில்தான் கொடுத்தார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மறுநாளே ஆரம்பித்தேன். துருப் பூத்துப்போன குரோம் பாகங்களை, சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பளபளக்கும் என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. தேய்த்தேன், பளபளத்தது. சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். சீட்டு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதாக இருக்கவில்லை. கெட்டித் தோலில் செய்த சீட்டு, காய்ந்து கருவாடாகக் கிடந்தது. தோல் வியாபாரி மகளுக்குத் தோல் எப்போது செத்தது, எப்போது தூங்குகிறது என்று தொட்டால் தெரியாதா? கொழுப்பும் மெழுகும் உருக்கிப் பூசி, வெயிலில் வைத்து, மறுபடி பூசி, ஒரு வாரத்தில் அதை விரலால் அழுத்தினால் அமுங்கும்படி செய்துவிட்டேன். வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. செருப்புக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையென்றால் வேலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மற்ற வேலைகளுக்கு நாகல் நகரில் எங்கள் தெரு முனைச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நல்ல வேலைக்காரர், கொஞ்சம் பிடிவாதம். வெளிநாட்டுச் சைக்கிளைக் கண்டதும் கையில் இருந்த பஞ்சரைப் போட்டுவிட்டு வந்தார். நைந்து இற்றுப்போன பழைய பிரேக் ஒயர்களை முதல் வேலையாக வெட்டி எறிந்தார். பிறகு பெடல் அச்சைக் கழற்ற உட்கார்ந்தார்.

அந்த அச்சை இரண்டு பக்கமும் இரும்புக் கப்புகள் தாங்கியிருக்கும். நம் ஊர் சைக்கிளில் வலப்பக்கத்துக் கப்புக்குத் திருகு மறை தலைகீழ். மற்ற நட்டெல்லாம் கழலுகிற பக்கம் திருப்பினால் அது இறுகும். கடைக்காரர் அதன்படியே திருப்பினார். அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி, அதில் தொங்கினார். சைக்கிள்தான் அவரோடு சேர்ந்து சுற்றியது.

"துருப் பிடிச்சு ஒட்டிக்கிருச்சுக்கா. இதுக்கு மேல போனா ஒடஞ்சிரும்."

"அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க தம்பி."

"அந்தப் பக்கம் திருப்புனா இறுகும்க்கா. எத்தன சைக்கிள் கழட்டிருக்கேன்."

"இறுகட்டும். ஒட்டித்தான இருக்கு, இன்னும் என்ன இறுகப் போகுது?"

எனக்கு அப்போது ஒரு நுட்பமும் தெரியாது. காத்திருந்து காத்திருந்து வந்த எரிச்சலில் சொன்னதுதான். அவரும் என் வாயை அடைப்பதற்காக ஒரு தட்டுத் தட்டினார். கப்பு கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு வெண்ணெயாகக் கழன்று வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "இவனுக ஊர்ல மறையே மாத்திப் போட்டிருக்கானுகளே" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு அதை மறந்தும் விட்டேன். மறந்திருக்கக் கூடாது.

புது டயர், புது பால்ரஸ், புது ஒயர். இப்போது வரும் கியர் சைக்கிளின் டயரே அதற்குப் பொருந்தியது. கியர் மாற்றும் குச்சி ஹேண்டிலில் இல்லை, சட்டத்தில் இருந்தது. உள்ளங்கையால் தள்ளினால் போதும், பிடிக்க வேண்டியதில்லை. அது ஒன்றே எனக்குப் பாதி நம்பிக்கை கொடுத்தது. ஹேண்டிலுக்குத் துணி நாடா சுற்றி, பிரேக் கட்டைகள் மாற்றி, கடைக்காரர் கொடுத்த அன்று அதைக் கிடங்குச் சந்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன், வீட்டுக்காரர் இரண்டு பேரையும் வரச் சொன்னேன். அவர்கள் பார்க்க ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற திமிர்.

சந்து மேட்டிலிருந்து தெருவை நோக்கிச் சரிவாக இறங்கும். சந்து முடிகிற இடத்தில் சிறுமலை வாழைப்பழ வண்டி ஒன்று எப்போதும் நிற்கும். ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தேன். அந்தச் சைக்கிள் எவ்வளவு லேசானது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சரிவு அதை இழுத்துக்கொண்டது. நாங்கள் சின்ன வயதில் கற்ற பாடப்படி இடது கையால் பின் பிரேக்கை இறுக்கினேன். பின் சக்கரம் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை, சறுக்கிக்கொண்டே போனது. முன் பிரேக் வலது கையில். விரல்கள் லீவர் மேலே போய்ப் படுத்தன. இழுப்பதற்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

"ஏத்தா! ஏத்தா!" என்று பழக்காரர் கத்தியது கேட்டது. அடுத்தது எனக்கு வாழைப்பழ வாசம்தான்.

முழங்காலில் சிராய்ப்பு. பழங்களுக்குச் சேதம் அதிகம். வீட்டுக்காரர் என்னைத் தூக்கிவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். "விட்ரும்மா. நாந்தான் இருக்கேன்ல, எங்க வேணுமோ கொண்டு போறேன்" என்றார் மெதுவாக. அந்த மெதுவான குரலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், பழத் தோலுக்கு நடுவே நின்று அழுதேன். அண்ணன் சைக்கிளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார். அதைச் சுவரில் சாய்த்த விதத்திலேயே அது கொடைக்கானலுக்குப் போய்விட்டது.

மறுநாள் பகலெல்லாம் முழங்காலை நீட்டிக்கொண்டு போன் பார்த்தபடி கிடந்தேன். வேண்டுமென்றே சைக்கிள் வீடியோ பார்க்கவில்லை. நான் பார்க்காவிட்டாலும் போன் விடுமா? ஏற்கனவே பார்த்ததற்காக அதுவே ஒன்றைத் தூக்கிப் போட்டது. வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர், பிரெஞ்சில் பேசிக்கொண்டே, ஏறக்குறைய எங்கள் சைக்கிள் மாதிரி ஒன்றுக்குப் பிரேக் ஒயர் கோத்தார். மொழி புரியாததால் கையை மட்டும் பார்த்தேன். முன் சக்கரத்துப் பிரேக்கிலிருந்து வந்த ஒயரை அவர் இடது லீவரில் மாட்டினார்.

வீடியோ தலைகீழாக எடுத்தது போலிருக்கிறது என்று நினைத்தேன். செல்ஃபியில் இடம் வலமாகி வருமே, அந்த மாதிரி. பிறகு அவர் சைக்கிளைத் திருப்பினார். சங்கிலி வலப்பக்கம் இருந்தது. எந்த ஊர் சைக்கிளுக்கும் சங்கிலி வலப்பக்கம்தான். வீடியோ நேராகத்தான் இருந்தது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு வீடியோ பார்த்தேன், அதற்குப் பிறகு இன்னொன்று. அந்த ஊரில் முன் பிரேக் இடது கைக்கு. ரோட்டில் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதிலிருந்து அவர்களுக்கு எல்லாம் மாறித்தான் இருக்கிறது. நம் கடைக்காரர் பெடல் அச்சில் செய்ததையேதான் பிரேக்கிலும் செய்திருக்கிறார். ஒயரைப் பழக்கத்தில் நம் ஊர்ப்படி கோத்துவிட்டார். இதில் என்னைத்தான் நான் நொந்துகொண்டேன், கப்பு கழன்ற அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்னொரு விஷயமும் அந்த வீடியோக்களில் பார்த்தேன். சைக்கிளை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். பின் பிரேக் சும்மா துணைக்கு. "முன் பிரேக்க மட்டும் தொட்றாத, தலகுப்புறத் தூக்கி எறிஞ்சிரும்" என்று திண்டுக்கல்லில் சைக்கிள் பழகிய எல்லோருக்கும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் எல்லோரும் துணைக்கு வருகிற பிரேக்கை நம்பித்தான் ஓட்டியிருக்கிறோம்.

என் இடது கைக்கு இரண்டு கைப் பிடி. எல்லா வேலையும் அதன் தலையில் விழுந்ததால் வந்த வலு. அந்தக் கைக்காகவே ஒரு ஊரில் சைக்கிள் செய்து, அது எங்கள் கிடங்கு உத்தரத்தில் எனக்காகத் தொங்கியிருக்கிறது என்று தோன்றியபோது, முழங்கால் வலியோடு எழுந்து முன்னறையில் இங்கும் அங்கும் நடந்தேன்.

சைக்கிள் கடைக்காரரிடம் முன் பிரேக்கை இடது கைக்கு மாற்றித் தரச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"அக்கா, அவசரத்துல நீங்க பழக்கத்துல இடது கையத்தான் இறுக்குவீங்க. முன் வீலு லாக் ஆயி மூஞ்சி ஒடஞ்சிரும். நீங்க விழுந்ததுக்கே பாய் என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு. இந்தப் பாவம் எனக்கு வேணாம்க்கா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் சண்டை போட முடியவில்லை. இரண்டு ஒயரும் அவை உள்ளே ஓடும் அவுட்டர் குழாயும் மட்டும் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அண்ணனிடம் சாவி வாங்கி, கிடங்கு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் எதற்கென்று கேட்கவில்லை. துடைத்துக் கொடுப்பதற்கு என்று நினைத்திருப்பார்.

இரண்டு கை உள்ளவர்களுக்குப் பிரேக் ஒயர் கோப்பது சின்ன வேலை. எனக்கு அது மலையாக இருந்தது. ஒயரின் முனையில் இருக்கும் ஈயக் குண்டு, அந்த லீவரின் குழியைவிடப் பெரிதாக இருந்தது. பூட்டு ஊரில் அரத்துக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கி, குண்டைக் கதவிடுக்கில் நெருக்கிப் பிடித்து, இடது கையால் ராவினேன். உட்கார்ந்தது. ஒயரை அவுட்டருக்குள் விட்டு, முன் சக்கரத்துக்கு மேலே, பிரேக் கட்டைகளைத் தாங்கும் இரும்புக் கைக்குக் கொண்டுவந்தேன். அங்கேதான் வந்தது சங்கடம். இரண்டு பிரேக் கட்டைகளையும் ரிம்மோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஒயரை விறைப்பாக இழுத்துப் பிடிக்க ஒரு கை. நட்டை இறுக்க ஒரு கை. மூன்று கை வேலைக்கு என்னிடம் ஒரு கை.

கட்டைகளை அழுத்தினால் ஒயர் தளர்ந்தது. ஒயரை இழுத்தால் ஸ்பேனர் விழுந்தது. பல்லால் ஒயரைக் கடித்து இழுத்துப் பார்த்தேன், உதட்டில் கம்பி குத்தி ரத்தம் வந்ததுதான் மிச்சம். கோபத்தில் ஸ்பேனரை வீசினேன். அது போய் என் சேலை மூட்டையின் மேல் விழுந்தது. எண்ணெய் துடைக்க நான் எடுத்து வந்திருந்த, விற்காமல் திரும்பி வந்த துண்டுத் துணிகள் கட்டிய மூட்டை.

ஸ்பேனரை எடுக்கக் குனிந்தபோது, மேலே இருந்த துண்டின் சுங்குடிப் புள்ளிகள் கண்ணில் பட்டன.

சுங்குடிக்குப் புள்ளி வைக்கும்போது துணியைக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். சாயத் தொட்டியில் போட்டாலும் அந்தக் கட்டு அவிழாது, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தால் மட்டும் ஒரே இழுப்பில் அவிழும். சின்னாளபட்டியில் எனக்குச் சேலை கொடுக்கும் அம்மாள் அதைக் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து நானும் பழகியிருந்தேன், ஒற்றைக் கையாலேயே கட்டுவேன். மூட்டையிலிருந்து சிவப்புச் சுங்குடித் துண்டு ஒன்றைக் கிழித்தேன். பிரேக்கின் இரண்டு இரும்புக் கைகளையும் சுற்றி, கட்டைகள் ரிம்மைக் கவ்வும் வரை இறுக்கிக் கட்டுப் போட்டேன். நின்றது. ஒயரின் நுனியை, மூட்டைக்குள் கிடந்த நூல் சுற்றும் மரக்குச்சியில் சுற்றி, அந்தக் குச்சியைக் காலால் தரையோடு மிதித்தேன். ஒயர் வீணைத் தந்தியாக விறைத்தது. இப்போது இடது கை சும்மா இருந்தது. அதில் ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினேன். சுங்குடி முடிச்சை அவிழ்த்தேன்.

முதல் தடவை லீவரை இழுத்ததும் ஒயர் நட்டிலிருந்து வழுக்கிவிட்டது. மறுபடி கட்டி, மறுபடி மிதித்து, இந்த முறை ஸ்பேனரின் மேல் குதிகாலை வைத்து அழுத்தினேன். லீவரைப் பிடித்துத் தொங்கினேன். வழுக்கவில்லை. பின் பிரேக்கையும் இதேபோல வலது லீவருக்குக் கோத்தேன், பேருக்கு. சைக்கிளை முன்னால் தள்ளிக்கொண்டு போய் இடது கையை இறுக்கினேன். பின் சக்கரம் தரையிலிருந்து எழும்பியது. ஆளில்லாத கிடங்கில் நான் போட்ட சத்தத்துக்கு உத்தரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அந்த முற்றத்தில் பழகினேன். மெல்லப் பிடிப்பது, உடம்பைப் பின்னால் சாய்த்துப் பிடிப்பது, கடைசியில் இறுக்குவது. கடைக்காரர் பயந்தது நடக்காமலிருக்க, கைக்குப் புதுப் பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். இடது கை சொன்னதைக் கேட்டது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்காரர் வாசலில் வண்டிச் சாவியோடு நின்றார்.

"நான் பின்னாடியே வாரேன்."

"வந்தீங்க, அந்தக் காபிக் கடைக்காரரோட ஒங்களையும் சேத்துச் செவுத்துல மாட்டிருவேன்."

அவர் வரவில்லை. எனக்கு அது ஆச்சரியம்தான்.

மதுரை ரோட்டில் இடதுபுறம் சிறுமலை கூடவே வந்தது. எத்தனையோ முறை பார்த்த மலைதான். பின் சீட்டிலிருந்து பார்க்கும்போது அவருடைய முதுகுக்கு ஓரமாகத்தான் தெரியும். இப்போது முழுசாகத் தெரிந்தது. திராட்சைத் தோட்டம் தாண்டி ஒரு நிறுத்தத்தில், முன்னால் போன மினி பஸ் கை காட்டிய ஆளுக்காகச் சட்டென்று நின்றது. யோசிக்க நேரமில்லை. இடது கை தானாக இறுகியது, உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. பஸ்ஸின் பின் கம்பியைத் தொடும் தூரத்தில் நின்றேன். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியேவிட்டேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, சைக்கிள்ல வந்து சாகப் பாக்குறீங்களா?" என்றார். அந்தத் திட்டு எனக்கு இனித்தது. யாரும் இரக்கப்படாமல் என்னைத் திட்டி எவ்வளவு நாளாகிவிட்டது!

சின்னாளபட்டியில் அந்தச் சுங்குடிக்கார அம்மாள் வாசலுக்கு வந்து எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"பாயம்மா, பாய் எங்க? வண்டிய நிப்பாட்டிட்டு வாராரா?"

"அவரு வரல. நான்தான் வந்தேன், இதுல."

அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆத்தாடி, அம்புட்டுத் தூரமா!" என்று வாய் விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. சேலைகளை மடித்து அவர் நீட்டினார். நான் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்பதே வாங்கி முடித்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. இத்தனை வேலை செய்த கைக்காக நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மூட்டையை முதுகில் குறுக்கே கட்டிக்கொண்டு திரும்பினேன். கிடங்குச் சந்துக்குப் பின்புறத் தெரு வழியாக மேட்டில் ஏறி, மேலிருந்து பார்த்தேன். சந்தின் அடியில் ஒரு கார் நின்றது. பக்கத்தில் அண்ணன், என் வீட்டுக்காரர், இளந்தாடியோடு ஒரு தம்பி. மெதுவாக உருட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். எனக்கு மெதுவாக இறங்கப் பிடிக்கவில்லை.

மிதித்தேன். சரிவு இழுத்தது, இழுக்க விட்டேன். முதலில் என்னைப் பார்த்தவர் பழக்காரர். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். "பிடி! பிடிம்மா!" என்று அண்ணன் இரண்டு கைகளையும் ஆட்டினார். வீட்டுக்காரர் மட்டும் காருக்கு முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றார், தடுத்துப் பிடிக்கிறவர் மாதிரி. அவரைக் குறிவைத்தே வந்து, உடம்பைச் சாய்த்து, இடது கையை இறுக்கினேன். முன் டயர் அவருடைய செருப்பு நுனிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

சைக்கிளிலிருந்து இறங்கினேன். நான் மூட்டையை அவிழ்த்து அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் ஒரு சேலையைப் பிரித்து, புதுச் சாயம் மணக்கிறதா என்று முகர்ந்து பார்த்தார். எங்கள் அண்ணன் எதையும் முகராமல் நம்ப மாட்டார்.

"சூப்பரா ஓடுதே! ரன்னிங் கண்டிஷன்னா நான் இன்னும் சேர்த்தே தரேன் சார்" என்றார் காபிக் கடைத் தம்பி.

"ஓடுறது என்ன தம்பி பெருசு, நிக்கிது பாத்தீங்கள்ல?" என்றார் அண்ணன். "செவுத்துக்கு வேற ஏதாச்சும் பாருங்க. இது எந்தங்கச்சி சைக்கிள்."

சிரிக்கத்தான் முயன்றேன். அதே இடத்தில் இரண்டாவது முறையாக அழுதேன். பழக்காரர் தூரத்திலிருந்தே ஒரு சீப்புச் சிறுமலைப் பழத்தைக் காட்டி, வந்து வாங்கிக்கொள்ளும்படி சைகை செய்தார். வண்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுவரவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வழக்கம்போல என்னைப் பார்த்து, "எங்க" என்று தொடங்கினார். சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தார். அதன் ஹேண்டிலில் அந்தச் சிவப்புச் சுங்குடித் துண்டை நான் கட்டி வைத்திருந்தேன். 

"எப்ப வருவ?" என்றார்.

"வரும்போது வாரேன்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை வாசலுக்கு இறக்கினேன்.